வேண்டாம் என்பதற்கு ஒரு படம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், உன் தம்பியும் நலம். அப்பாவை நலம் என்று எழுதக் கை வரவில்லை, போன வாரம் இருந்தபடியே இருக்கிறார் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌகரியமாக இருக்க வேண்டும். போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுகிறாய், நான் பதில் பேசாமல் சும்மா இருக்கிறேன், அதைக் கேட்டு உனக்குக் கோபம் வருகிறது. எனக்கு அழுகை வரவில்லையம்மா, வரவழைக்கவும் தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. காலையில் பல் தேய்த்தேனா என்று பிரஷ்ஷைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரித் தரையில் கலர் கலராகக் கோடு போட்டிருக்கிறார்கள், நீலக் கோடு மருந்துக் கடைக்கு, பச்சைக் கோடு ஸ்கேன் அறைக்கு. நான் பாட்டுக்கு நீலத்தின் மேல் நடக்கிறேன், மருந்துக் கடை வந்துவிடுகிறது, யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. உன்னைப் போல யாரோ ஒருத்தி உட்கார்ந்து யோசித்துப் போட்ட கோடாக இருக்கும். நீ படித்த காலத்தில் யாராவது கேட்டால் சோப்பு அட்டைக்கு டிசைன் போடுகிறாள் என்று சொல்லுவோம். பிறகு நீ, இப்போதெல்லாம் டிசைன் தாளோடு நிற்பதில்லை, மாத்திரைப் பட்டையிலும் தரையிலும் பேச முடியாதவர்கள் கையிலும்கூட வந்துவிட்டது என்றாய். "எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று உன்னைக் கிண்டலடித்த மனுஷர் இப்போது மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்.

பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல்தான், "சரி". முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து, எதிராளி சரி என்று சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர். தண்ணீர் வேண்டுமா என்றால் சரி, வேண்டாமா என்றாலும் சரி. உன் தம்பி விளையாட்டுக்கு "நான்தான் உங்க மாமனார், அடையாளம் தெரியுதா?" என்று கேட்டான், அதற்கும் சரி. சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை, ஆமாம் இல்லை இரண்டுக்கும் ஒரே ஆட்டல். ஆனால் படத்தைக் காட்டினால் புரிந்துகொள்கிறார். அதனால்தான் நீ முப்பத்தாறு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் வரைந்து அனுப்பிய அட்டை வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. போர்வையைத் தொட்டார், போர்த்திவிட்டேன். விசிறியைத் தொட்டார், போட்டோம். கண்ணாடியைத் தொட்டு, போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கார் நிறுத்துமிடத்தை அரை மணி நேரம் பார்த்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அந்த அட்டையைப் பக்கத்து வார்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாடு இறக்கும் மூக்குக் குழாயை அவர் நான்கு முறை பிடுங்கி எறிந்துவிட்டார். அதனால் அசைகிற ஒரே கையான இடது கையில் துணி உறை மாட்டிக் கட்டிலோடு கட்டுகிறார்கள். இதற்குப் பதிலாக வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாக ஒரு குழாய் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். வைக்காவிட்டால் ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம், ஆனால் அது போதாது, நுரையீரலுக்குள் போனாலும் போகும், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்கிறார். அப்பாவிடமே கேட்டார்களாம், "சரின்னு சொல்லிட்டாரேம்மா" என்று படிவத்தை என்னிடம் நீட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார் என்றேன். அப்படியானால் அட்டையில் கேட்டுப் பார்ப்போம் என்று அந்தப் பெண் வயிற்றில் குழாய் வைத்த ஒருவரின் படத்தைக் காட்டி, அட்டையைப் பிடித்தாள். அவர் எந்தப் படத்தையும் தொடவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைப் பட்டையில் விரலை வைத்தார். மறுபடி கேட்டாள், அட்டைக்கு வெளியே ஓரத்தில் வைத்தார். கவனம் சிதறுகிறது என்று ஃபைலில் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் அவருக்கு முகம் துடைத்துவிடும்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா என்னென்ன கேட்பார் என்று யோசித்து யோசித்து எல்லாவற்றையும் வரைந்திருக்கிறாய் அம்மா, வேண்டாம் என்று சொல்ல ஒரு படம் வரையவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்றுதானே மகளுக்குத் தோன்றும்.

பேனாவால் நானே ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். குழாய்ப் படத்தைக் காட்டினேன். அவர் அந்தக் குறியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை, நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்தினார். டாக்டரிடம் சொன்னேன், நல்ல மனுஷர்தான், "நீங்களே வரைஞ்சு நீங்களே கேட்டா, அது அவர் பதிலா உங்க பதிலான்னு நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. உன் தம்பிக்குத்தான் என் மேல் கோபம், "அப்பா இருக்கட்டும்மா, எப்படியாவது இருக்கட்டும், நீ ஏன் இதைக் கிளறுற?" என்கிறான். மூன்று நாளாக என்னோடு பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான். எனக்கு என்ன வேண்டும் என்று நீயும் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

நீ ஒரு புது அட்டை போட்டு அனுப்ப வேண்டும். பழைய அட்டை போலவே, அதே தடிமன் கோடு. மேலே குழாய்ப் படம், கீழே வேண்டும் ஒரு கட்டம், வேண்டாம் ஒரு கட்டம். அந்தப் பெண் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, அவர் வலது பக்கம் இருப்பதைப் பார்ப்பதே இல்லை, ஒன்றன் கீழ் ஒன்றாக வை. இன்னொரு தாளில் மேலே உள்ளதைக் கீழே மாற்றிப் போடு. சிரிக்கிற முகம், அழுகிற முகம் வரையாதே, யாரானாலும் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவார்கள். பச்சை, சிவப்பு கூடாது. மூன்று நாள், மூன்று வேளை கேட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் வந்தால் அதை அவருடைய பதிலாக எழுதிக்கொள்வதாக டாக்டர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவரை படிவத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இரண்டு கட்டமும் ஒரே அளவாக இருக்கட்டும். வரையும்போது உன் மனது எந்தக் கட்டத்தின் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும், நீயும் உன் தம்பியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. அது தாளில் தெரியக் கூடாது.

இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாக அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, குனிந்தே வேலை பார்க்காதே, கழுத்து வலிக்கு ஒத்தடம் கொடு. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருக்க வேண்டும், அப்பாவுக்கும் சேர்த்து நானே வாழ்த்துகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்டை வர வேண்டும், மறந்துவிடாதே. உன்னால் இதை வரைய முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உனக்கு அதைச் சொல்ல வாய் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா