ஐந்தாவது பெயர்

மார்ச் 3

இன்று என் வீட்டு முன்னறையில் வரலாறு படைக்கப்பட்டது. அக்கா மகள் தொடங்கவிருக்கும் ராக் இசைப் பத்திரிகைக்குப் பெயர் தேடிக் காலையிலிருந்து எங்களுக்குள் உலகப் போர். அவளுடைய கிட்டாரும் இங்கேதான் குடியிருக்கிறது. அவள் வீட்டில் அதைத் தொட்டால் அக்கா சோறு போடமாட்டாள். இங்கே தொட்டால், பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சுவரைக் குத்தி, “சத்தத்தைக் குறை” என்பார். அந்தக் குரலுக்கு ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் திமிங்கலமும் வாயை மூடிக்கொள்ளும்.

மாலைக்குள் நான்கு பெயர்கள் தேறின. இரும்புத் தொண்டை, ஆறாம் தந்தி, மின்னல் நரம்பு, கறுப்பு ஒலி. ஆனால் பத்திரிகைப் பதிவு அலுவலகப் படிவத்தில் ஐந்து வரிகள். ஒன்று காலியாக இருந்தாலும் திருப்பிவிடுவார்கள். வேறு யாரும் வைத்திராத முதல் பெயரை வரிசைப்படி ஒதுக்குவார்கள்.

கையொப்பமிட்டுப் படிவத்தை என்னிடம் நீட்டினாள். “அஞ்சாவதா நீங்களே நல்லதா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க மாமா. உங்க கையெழுத்துதான் அழகு.”

மார்ச் 4

போட்டேன். கொடுத்தேன்.

பேனாவை எடுக்குமுன் கிட்டாரைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினேன். சுவரில் குத்து விழுந்தது. என் கை அடங்குமா? ஐந்தாவது வரியில் முத்து முத்தாக எழுதிவிட்டேன்: சத்தத்தைக் குறை. அந்த வரி வரைக்கும் எவன் வரப்போகிறான்?

அலுவலக எழுத்தர் கண்ணாடியை இறக்கி, “இது பேரா, புகாரா?” என்றார். பெயர்தான் என்றேன், ஒரு சக்கரவர்த்தியின் மிடுக்கோடு. முத்திரை விழுந்தது.

மார்ச் 9

வேலையை விட்டுவிட்டாளாம். மாதக் கடைசியில் திடலில் பெரிய கச்சேரி. பத்தாயிரம் பேர் வருவார்கள் என்கிறாள் (என் மதிப்பீட்டில் மூன்று கோடி). அங்கேதான் முதல் இதழ் வெளிவர வேண்டும். விட்டால் அடுத்த வருடம்தான்.

நான் சிரித்தேன். ஐந்தாவது வரி ஞாபகம் வந்தது.

மார்ச் 11

எழுத்தரிடம் ஓடினேன். ஒரு வரியை மட்டும் மாற்ற முடியுமா? முத்திரை விழுந்தால் விழுந்ததுதானாம். ஒரு தடவை கொடுத்தவர்கள் புதிதாக விண்ணப்பிக்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். “உங்க மொத நாலும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே” என்று வேறு சொல்லி அனுப்பினார்.

மார்ச் 12

சொல்லிடலாமா? சொல்லிடணும். எப்படிச் சொல்றது?

மார்ச் 14

அவளே கேட்டாள், ஐந்தாவது என்ன என்று. ரகசியம் என்று கண்ணடித்தேன். நரகத்தில் இந்தக் கண்ணுக்கென்று தனி எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருக்கும்.

மார்ச் 18

கடிதம் வந்தது. என் எதிரிலேயே பிரித்தாள். நான்கு பெயர்களும் ஏற்கெனவே யாரிடமோ இருக்கின்றன. ஐந்தாவது ஒதுக்கப்பட்டது.

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். விளையாட்டாக எழுதிவிட்டேன், யாருமே ஐந்தாவதுக்கு வர மாட்டார்கள் என்று நினைத்தேன் — ஏதேதோ உளறினேன்.

“நான் விளையாடலையே மாமா” என்றாள்.

கிட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 19

வீட்டில் சத்தமில்லை. வாத்தியார் சுவர்கூடப் பேசவில்லை.

மார்ச் 20

அக்கா போனில். “அம்பத்தெட்டு வயசாச்சுடா உனக்கு. அந்தப் பொண்ணு வேலையை விட்டுட்டு நிக்கறா, தெரியுமா?”

தெரியும்க்கா. அதுதானே என்னை ராத்திரியெல்லாம் தூங்க விடமாட்டேங்குது.

மார்ச் 22

வந்தாள். என் வீட்டுக்கு இல்லை, வாத்தியார் வீட்டுக்கு. கையில் கேமரா. ஜன்னலுக்கு வெளியே என் கழுத்து ஒரு மைல் நீண்டது, ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று சுவரில் குத்து. கிட்டாரே இல்லாமல்! மறுபடியும். மறுபடியும்.

அவள் போன பிறகு வாத்தியாரே வாசலுக்கு வந்து சொன்னார். பத்திரிகைக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறாளாம். அட்டையில் சுவரைக் குத்தும் முஷ்டி, இவருடையது. படத்தில் மணிக்கட்டுக்கு மேல் எதுவும் வராது. ஆனாலும் மனிதர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார்.

என் வாசலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 30

திடல். நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பையன்கள் அட்டையைத் தூக்கிப் பிடித்து மேடையைப் பார்த்து “சத்தத்தைக் குறை!” என்று கத்தினார்கள்; அவர்கள் கேட்டதோ சத்தத்தை ஏற்றச் சொல்லி. என் முறை வந்தது. எல்லோருக்கும் கொடுப்பதுபோல் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தாள். “அடுத்தவங்க” என்றாள்.

ஏப்ரல் 6

இதழைத் தபாலில் அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டுமாம். கொண்டுவந்தாள். என் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறதாம்.

எழுதினேன். பின்னாலேயே நின்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். நான் ஒரு புள்ளிகூடக் கூட்டவில்லை. கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு வரி காலியாக இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“அதை நான் எழுதிக்கறேன் மாமா” என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். கிட்டார் மூலையில் இருந்தது.