இரண்டு பருவத்துக் கிரெடிட்

ஜூன் 4

என் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் கேட்டால் "ம்" என்கிறாய். நான் அடுத்ததைக் கேட்பதற்குள் உன் அப்பா பிடுங்கி, "பெரிய மனுஷன் என்ன சொல்றார்?" என்று ஆரம்பித்துவிடுகிறார். பஸ் ஓட்டி ஓட்டி அவருக்குக் குரலைத் தணிக்கவே தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் இப்படித் தட்டித் தட்டி மெயிலில் எழுதுகிறேன். இதை அவர் பிடுங்க முடியாது.

நேற்று என் தலையில் இடி விழுந்தது. எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பரிசோதகர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நான்தான் என்று இத்தனை வருஷமாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி என்னை உட்காரவைத்து, "மாஸ்டர்ஸ் இல்லாம நீங்க விண்ணப்பிக்கவே முடியாதும்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். நம் பிப்பெட்டுக்குப் பட்டம் இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சி அளக்கும் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒல்லியாக நெட்டையாக ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தானே, அவன்தான். நல்ல பையன். ஆனாலும் நான் வேலை கற்றுக்கொடுத்தவனுக்குக் கீழே நான் நிற்க வேண்டும் என்றால் வயிறு எரிகிறது.

அவனே ஒரு வழி சொன்னான். ஆன்லைனில் முதுகலை. நீ வயிற்றில் இருந்தபோது இரண்டு பருவம் முடித்துவிட்டு நின்றேனே, அந்தக் கிரெடிட்டை மாற்றிக்கொள்ள முடிந்தால் நேராக மூன்றாம் பருவம். பாதிப் படிப்பு மிச்சம். நம் பாடத்துக்கு, சுற்றுச்சூழல் அறிவியலுக்கு, இப்படி மாற்றி எடுத்துக்கொள்ளும் இடம் இங்கே ஒன்றே ஒன்றுதானாம். விவரத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீயும் வெளிநாட்டில் அதே படிப்பில் கடைசிப் பருவத்தில் இருக்கிறாய், உனக்குத் தெரியாததா? விமான நிலையத்தில் "நீ விட்டதை நான் முடிக்கிறேன்மா" என்றாயே, அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நீயும் முடி, நானும் முடிக்கிறேன்.

சாப்பிடு. மெலிந்துவிட்டாயா என்று பார்க்க வேண்டும், ஒரு படம் அனுப்பு.

உன் அம்மா

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். படம் பிறகு அனுப்புகிறேன்.

அந்த இடமா? வேறு எங்காவது பார்க்கலாமே. கிரெடிட் விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார். ஏழு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் தொடமாட்டார்கள். பாடத்திட்டம் முக்கால் பங்காவது ஒத்துப்போக வேண்டும். உன்னுடையது நான் பிறப்பதற்கு முந்தியது. காலாவதியான மருந்து மாதிரிதான் அம்மா, அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், வாயில் போட முடியாது. அங்கேதான் சேர வேண்டும் என்றால் முதல் பருவத்திலிருந்து சேர். எதற்கு அவர்கள் வாசலில் போய் நின்று அவமானப்பட வேண்டும்?

இங்கே ஆய்வுக்கூடத்தில் தலைக்கு மேல் வேலை. அப்பாவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பிள்ளை

ஜூலை 2

காலாவதியான மருந்தைக் கண்டுபிடித்த டாக்டருக்கு,

எடுத்துக்கொண்டார்கள்! இரண்டு பருவத்துக் கிரெடிட்டும்! ஒன்றுகூடக் குறையாமல்!

முதலில் நீ சொன்னதைத்தான் எழுத்துக்கு எழுத்து அவர்களும் சொன்னார்கள். "விதின்னு இருந்தா விலக்குன்னு ஒண்ணு இருக்குமே சார்?" என்று கேட்டேன். இருக்கிறதாம், யாரும் கேட்பதில்லையாம். அதே துறையில் விடாமல் வேலை பார்த்தவர்கள் வாய்மொழித் தேர்வு எழுதி, பழைய கிரெடிட்டுக்கு உயிர் கொடுக்கலாம். வாய்மொழியை எங்கே எழுதுவது, பேசினேன். திரையில் மூன்று பேர் என்னை வறுத்தெடுத்தார்கள். முடிந்ததும் கூடத்தில் பிப்பெட் ஸ்டூல்மேல் ஏறி விசில் அடித்தான்.

நேற்று அறிமுக வகுப்பு. நான் பேச வாயெடுத்த நேரம் பார்த்து நம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போயிற்று. ஆசிரியை, "மேடம், ரயில் போனப்புறம் பேசுங்க, அதுவரைக்கும் மைக்கை அணைச்சு வைங்க" என்றார். வகுப்பே சிரித்தது. திங்கட்கிழமை முதல் உண்மையான பாடம்.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். போன தடவை நான் அனுப்பிய கையோடு உன் பதில் வந்தது. அங்கே அப்போது நடுச்சாமம் இல்லையா? தூங்குவதே இல்லையா?

வகுப்பில் முதல் பெஞ்சுக்கு வந்துவிட்ட உன் அம்மா

ஜூலை 8

கண்ணா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுகிறது.

இன்று வகுப்புப் பட்டியலில் உன் பெயர் இருந்தது. அப்பாவின் தலைப்பெழுத்தோடு. படம் இல்லாத கறுப்புக் கட்டம். உலகத்தில் ஒரே பெயரில் எத்தனையோ பேர் என்று நினைத்து முதலில் சிரித்தேன்கூட. பிறகு ஆசிரியை சொன்னார்: "இந்தப் பருவத்துல கிரெடிட் மாத்திக்கிட்டு வந்தவங்க ரெண்டே பேர். மத்தவங்க எல்லாம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துட்டாங்க. அதனால கருத்தரங்குக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி." உன் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொன்னார். வெளிநாட்டில் இரண்டு பருவம் படித்துவிட்டு விலகியவர் என்றார். நான் கேமராவுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். "மேடம், கேக்குதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

கேட்டது. நன்றாகவே கேட்டது.

நீதானா அது? அப்படியென்றால் கடைசிப் பருவம்? ஆய்வுக்கூடம்? தலைக்கு மேல் வேலை? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் யாரிடமோ உன்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா

ஜூலை 9

அம்மா,

நான்தான்.

உன்னை அவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று நம்பினேன். முதல் பருவத்தில் சேர்ந்திருந்தால் என்னைப் பார்த்திருக்கவேமாட்டாய். பட்டத்தை வாங்கி நீட்டிவிட்டு மற்றதைச் சொல்லலாம் என்றிருந்தேன்.

போன வருஷம், மூன்றாம் பருவத்தின் முதல் கருத்தரங்கில் எழுந்து நின்றேன். எல்லாம் மனப்பாடம். வாய் திறந்தது, குரல் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் காத்திருந்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரித்திருந்தால்கூடத் தேவலை. லேப்டாப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தேன். மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதையே விட்டுவிட்டேன். இப்போது ஓர் அச்சகத்தில் வேலை. மெஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

ஆன்லைன் என்றால் பேசாமலே முடித்துவிடலாம் என்று நினைத்துச் சேர்ந்தேன். கருத்தரங்கு இருப்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். என்னால் முடியாது அம்மா. நீ ஆசிரியையிடம் சொல்லித் தனியாகப் பேச அனுமதி வாங்கிக்கொள். மாற்றிக்கொண்டு வந்தவர்கள் இந்தப் பருவத்தில் ஒரு பாடம் தவறினாலும் மாற்றிய கிரெடிட் முழுவதும் ரத்து. என்னால் உன் இரண்டு பருவமும் போக வேண்டாம். உன் தலைமைப் பரிசோதகர் இடமும் போக வேண்டாம்.

மன்னித்துவிடு.

ஜூலை 11

மகனே,

இரண்டு நாள் பதில் போடவில்லை. போட்டிருந்தால் நீ தாங்கமாட்டாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு ருசியாக இருக்கிறது என்று எனக்கே ஊட்டியிருக்கிறாய். ஒரு வருஷம்! குளிரில் நடுங்குவாயே என்று உனக்கு நான் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு கோபம். நீ படிப்பை விட்டதற்கு இல்லை. நானும்தான் விட்டேன், அதுவும் நீ நின்ற அதே படியில். நான் நின்றபோது தலையைத் தடவிக் கொடுக்க என் அம்மா இருந்தாள். நீ யாரிடம் போனாய்? மெஷினிடமா?

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். உன் மனம் கல் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்லாக இருந்திருந்தால் அன்றைக்கு நின்று பேசியிருப்பாய்.

தனியாகப் பேச அனுமதி கேட்கமாட்டேன். தலைப்பு குழாய்களில் படியும் துரு. முதல் பாதி நான், மறுபாதி நீ. என் பாதி முடிந்ததும் நிறுத்திவிடுவேன், உன் பாதியில் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீ பேசாவிட்டால் இரண்டு பேரும் தவறுவோம், இரண்டு பேர் கிரெடிட்டும் போகும். பிப்பெட்டைக் கும்பிட்டுவிட்டு அவனுக்குக் கீழே வேலை பார்ப்பேன். செத்தா போய்விடுவேன்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் அம்மா பிடிவாதக்காரி என்று அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

உன் பங்குக் குறிப்புகளை அனுப்பு.

அம்மா

ஜூலை 23

அம்மா,

குறிப்புகள் இத்துடன். இவற்றை நீயே வாசித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன், நாளைக்கு என்னை நம்பாதே. மைக்கைத் திறந்தாலே எனக்கு வேறு பயங்களும் இருக்கின்றன. அவற்றை எழுத முடியாது.

ஜூலை 24

கண்ணா,

வகுப்பு முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வேகமாக எழுதுகிறேன், நீயும் வேகமாகப் படி.

என் பாதியை முடித்தேன். மைக்கை அணைத்தேன். உன் கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை, "அடுத்தது யாருப்பா?" என்றார். ஒன்றுமில்லை. "இணைப்புப் பிரச்சினையா?" என்றார். ஒன்றுமில்லை. நான் விரலைக் கடித்துக்கொண்டேன். ஒரு நொடியில் என் கை மைக்குப் பக்கம் போய்விட்டது, நிஜத்தைச் சொல்கிறேன்.

அப்போது நீ தொண்டையைக் கனைத்தாய். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் அப்பாவின் கையெழுத்துக்கு வந்து நிற்பாயே, அதே கனைப்பு. பிறகு பேசினாய். தட்டுத்தடுமாறித்தான் பேசினாய். ஓர் இடத்தில் துருவுக்கும் பாசிக்கும் வித்தியாசம் மறந்து நின்றாய், நீயே திருத்திக்கொண்டாய். கண்ணீர் திரையை மறைத்துவிட்டது. உன் அப்பா டீ கிளாஸோடு வந்து என் பின்னால் நின்றது அப்புறம்தான் தெரிந்தது. "யாருடி பேசறது? நம்ம பெரிய மனுஷன் குரல் மாதிரி இருக்கு?" என்றார். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.

அந்த நேரம் பார்த்து சரக்கு ரயில் வந்தது. ஜன்னல் வழியாக ஊதல் கேட்டது. அதே ஊதல், அதைவிடப் பெரிதாக, லேப்டாப்பிலும் கேட்டது. ஆசிரியை சிரித்துக்கொண்டே, "மேடம், உங்க மைக்கை அணைங்க" என்றார். நான் குனிந்து பார்த்தேன். என் மைக் அணைந்துதான் இருந்தது.

நீ பேச்சை நிறுத்திவிட்டாய். உன் பக்கத்தில் ரயில்வே கேட் மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணி நம் வீடுவரை கேட்காது.

உன் அப்பா கிளாஸை நழுவவிட்டார். "இது நம்ம ரயில்வே கேட்டுடி" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "புள்ள இங்கயா இருக்கான்?"

ஒரே ஊரிலா? கடைக்குப் போகிற வழியிலா? எத்தனை மாசமாக? அந்த அச்சகத்தைத் தாண்டித்தானா நான் தினமும் வேலைக்குப் போகிறேன்? கோபப்படக்கூட வரவில்லை.

நீ மிச்சத்தையும் பேசி முடித்தாய், அதையும் கேட்டேன். ஆசிரியை இரண்டு பேருக்கும் தேர்ச்சி போட்டுவிட்டார். கிரெடிட் பத்திரமாக இருக்கிறது.

அப்பா உன் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டார். எந்தத் தெரு, எந்த மாடி என்று அவருக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை, போனை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீதான் கீழே இறங்கி வெளியே வந்து நிற்க வேண்டும்.

அம்மா