அரை மூட்டை சோப்புத் தூள்

வேலங்காட்டுப்புதூர்,
வெள்ளகோவில் வழி
18.12.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி சாந்தாமணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கோயமுத்தூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் சிரித்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையாவது முழுதாகப் படியுங்கள்.

கப்பல் உடைந்து கடலில் எண்ணெய் கொட்டினால் எப்படி எடுப்பது என்று ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். எல்லாம் கடலையே பார்க்காத பிள்ளைகள். ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி, நம் லாரி ஷெட்டில் வாங்கிய பழைய இஞ்சின் ஆயிலை ஊற்றினேன். பஞ்சு வேண்டும் என்று கேட்டதற்குத் தலைமையாசிரியர் மருந்துக் கடையில் வாங்கி வந்தார். சுற்றிலும் இத்தனை மில் இருக்கிற ஊரில் மருந்துக் கடைக்குப் போய்ப் பஞ்சு வாங்குகிற மனிதரை என்ன சொல்வது? அது தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் அப்படியே மிதந்தது. செவ்வந்தி என்று ஒரு பெண், அவள் அம்மா சின்னாத்தாள் ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறாள். மறுநாள் மில்லில் கூட்டித் தள்ளுகிற கழிவுப் பஞ்சை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். வெளுக்காத பஞ்சு. அது மிதந்துகொண்டே எண்ணெயை மட்டும் உறிஞ்சி எடுத்தது. எனக்கே அது புதுப் பாடம்.

இன்னொரு டப்பில் சோப்புத் தூளைப் போட்டுக் கலக்கினேன். எண்ணெய் மாயமாக மறைந்துபோனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டாதீர்கள் என்றேன். எண்ணெய் எங்கேயும் போகவில்லை, பொடிப் பொடியாகச் சிதறித் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, இனிமேல் எந்தப் பஞ்சாலும் அதை எடுக்க முடியாது என்று சொன்னேன்.

பாடம் முடிந்ததும் செவ்வந்தி ஒரு பாட்டிலை நீட்டினாள். "இதுலயும் அதே வாசந்தானுங்க டீச்சர்." அவர்கள் தெற்குத் தெருக் கிணற்றுத் தண்ணீர். மேலே நிறம் நிறமாக மின்னியது. நேரில் போய்ப் பார்த்தேன். உங்கள் ஷெட்டுக்குப் பின்னால் கழிவு ஆயில் கொட்டுகிற குழி மழையில் நிரம்பி, வாய்க்காலில் வழிந்து அந்தக் கிணற்றில் இறங்குகிறது. நாற்பது வீடு குடிக்கிற கிணறு அண்ணா. குழியை மூடச் சொல்லுங்கள். மேலே மிதப்பதை லீவு முடிந்து ஜனவரி ஏழாம் தேதி, சனிக்கிழமை, நானும் பிள்ளைகளும் மில் பஞ்சு போட்டு எடுத்துவிடுகிறோம்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
சாந்தாமணி


கோயமுத்தூர்
23.12.1994

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கியண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை அண்ணிக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மருந்துக் கடைப் பஞ்சுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். நீ நல்ல டீச்சர்தான் கண்ணு. ஆனால் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள். பதினைந்து வருஷமாக அந்த ஷெட் நடக்கிறது. இன்றுவரை ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. மேனேஜர் சென்னகிருஷ்ணனைக் கேட்டேன். சைக்கிள் செயினுக்கு விடுகிற அளவுகூட இருக்காது என்கிறான். அவர்களுக்குத்தான் பஞ்சாயத்துக் குழாய் இருக்கிறதே. அந்தத் தெருப் பிள்ளைகள் பேச்சைக் கேட்டுக்கொண்டு சொந்த அண்ணன் மேல் குறை சொல்லலாமா அம்மணி?

பொங்கல் சீருக்கு என்ன நிறத்தில் புடவை எடுக்கட்டும் என்று அண்ணி கேட்கிறாள்.

அன்புடன்,
பொங்கியண்ணன்


வேலங்காட்டுப்புதூர்
29.12.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

புடவை நிறம் இருக்கட்டும். சைக்கிள் செயின் அளவா? நேற்று சின்னாத்தாள் வீட்டில் ஒரு பிடி சோறு வாங்கி வாயில் வைத்தேன். ஆயில் வாடை. என்னால் விழுங்க முடியவில்லை. அவள் மூன்று வேளையும் அதைத்தான் பிள்ளைகளுக்குப் போடுகிறாள். பஞ்சாயத்துக் குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிறது, வீட்டுக்கு இரண்டு குடம். சென்னகிருஷ்ணனை வந்து குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதினைந்து வருஷமாக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேர் நம்மிடம் கூலிக்கு வருகிறவர்கள். எப்படி வாய் திறப்பார்கள்? நம் தோட்டத்துக் கிணற்றில் இப்படி மிதந்திருந்தால் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை அண்ணா.

இப்போது தெற்குத் தெருக்காரர்களே துணிந்து மனு கொடுத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து புதன்கிழமை பார்க்க வருகிறார்களாம். அதற்குள் குழியை மூடிவிடுங்கள். உங்கள் கல்யாணத்தில் இணைச்சீருக்கு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். உங்களை நாலு பேர் ஒரு சொல் சொன்னால் எனக்குத்தான் முதலில் வலிக்கும்.

உங்கள் தங்கச்சி,
சாந்தாமணி


கோயமுத்தூர்
5.1.1995

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கோபமாக எழுதியது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வழி அதிலேயே இருந்திருக்கிறது. சோப்புத் தூள் இரண்டு மூட்டை வாங்கி அனுப்பினேன். சென்னகிருஷ்ணன் செவ்வாய்க்கிழமையே ஆளை இறக்கி, ஒன்றரை மூட்டையைப் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டான். ஒரு பொட்டு எண்ணெய் கண்ணுக்குத் தெரியவில்லை. வந்த ஆபீசர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் வெளுப்பாக இருந்ததற்குச் சுண்ணாம்பு மண் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் உன் படிப்பால்தான் கண்ணு. குழியைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

சீர் லாரியில் வருகிறது. மிச்சமான அரை மூட்டை சோப்புத் தூளையும் அதிலேயே வைக்கச் சொன்னேன். உன் பள்ளிக்கூடத்துச் சோதனைக்கு ஆகும்.

அன்புடன்,
பொங்கியண்ணன்


வேலங்காட்டுப்புதூர்
10.1.1995

அண்ணனுக்கு,

சீர் சனிக்கிழமை காலையில் வந்தது. அரிசி, வெல்லம், மஞ்சள், கரும்பு, பச்சைப் புடவை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த அரை மூட்டை. உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன்.

என் கடிதத்தில் சோப்பால் எண்ணெய் மறைந்தது என்ற வரியைப் படித்தவருக்கு அடுத்த வரி கண்ணில் படவில்லையா? படவில்லை என்றால் உங்களுக்கு அக்கறை இல்லை. பட்டும் செய்தீர்கள் என்றால் அதை என்ன பேர் சொல்லி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் முப்பது பேர் ஆறு சாக்கு மில் பஞ்சோடு கிணற்றடியில் காத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் செவ்வந்தி ஒரு கூடைப் பஞ்சைக் கயிற்றில் கட்டி இறக்கினாள். மேலே எடுத்துப் பிழிந்தாள். வெறும் வெள்ளைத் தண்ணீர் வந்தது. மறுபடி இறக்கினாள். மறுபடியும் அதேதான்.

"இனிமே எடுக்காதுங்களா டீச்சர்?"

"எடுக்காது சாமி."

"ஆருங்க சோப்பைப் போட்டாங்க?"

எங்கண்ணன் என்றேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நான் என்றும் சொன்னேன். பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு வகுப்புக்கு முன்னால் தலை குனிந்து நின்றது அன்றைக்குத்தான். அதை நான் மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

நேற்று திங்கட்கிழமை ஈரோட்டுக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அரை மூட்டையையும் தூக்கி மேசை மேல் வைத்தேன். என் முதல் கடிதம் உங்களிடம் இருக்கிறது. கேட்டால் அதையும் கொடுங்கள். சோப்பு என்று எழுதிய என் கையெழுத்தையும் அவர்கள் பார்க்கட்டும்.

சீரில் வந்த அரிசியையும் வெல்லத்தையும் சின்னாத்தாளிடம் கொண்டுபோனேன். அவள் தொடவில்லை. "எங்ககிட்ட அரிசி இருக்குதுங்க டீச்சர். பொங்க வெக்கத் தண்ணிதான் இல்லீங்க" என்றாள்.

அதனால் எல்லாவற்றையும் இதே லாரியில் திருப்பி அனுப்புகிறேன். அண்ணி தப்பாக நினைக்க வேண்டாம். இந்த வருஷம் எனக்குச் சீர் செய்ய மனசிருந்தால் ஆயில் இஞ்சினும் ஒரு டேங்கர் லாரியும் அனுப்புங்கள். கிணற்றை அடிவரை இறைத்து, அந்தத் தண்ணீரை உங்கள் ஷெட்டுத் தொட்டியிலேயே விட வேண்டும். குழியை மூட வேண்டும். ஊற்று நல்லபடி சுரக்கிறவரை தினம் ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் தெற்குத் தெருவுக்கு வர வேண்டும். இஞ்சின் வந்தால் சீர் வந்தது என்று நானே கிணற்றடியில் நின்று வாங்கிக்கொள்கிறேன். அதுவரை எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
கே. சாந்தாமணி,
அறிவியல் ஆசிரியை