மெர்டேக்காவுக்கு எத்தனை மூட்டை சீனி?

14 ஜூலை 1957, ஞாயிறு

என் வீட்டுக்காரர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து இன்றோடு எட்டு நாள். காலில் மாவுக்கட்டு. மளிகைக் கடை என் கையில்.

கடையில் நிற்பது எனக்குப் புதிதில்லை. சரக்கு எவ்வளவு எடுப்பது என்பதுதான் தெரியவில்லை. கேட்டால், கட்டிலில் படுத்தபடி, “அது மனசுல தோணும், பூங்காவனம்” என்கிறார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போன வருஷம் அவருக்குத் தோன்றியதில் இரண்டு மூட்டை பருப்பு வண்டு வைத்துப் போனது.

17 ஜூலை

ஒரு தகரப் பெட்டி நிறைய பழைய பில் புத்தகங்கள். ஐந்து வருஷத்துக்கு இருக்கிறது! மாதவாரியாகப் பிரித்து, எது எவ்வளவு ஓடியது என்று கூட்டிப் பார்த்தேன். ஜூலைக் கடைசியில் கருவாடு எப்போதும் மந்தம். அவரோ மாறாமல் ஒரே அளவுதான் எடுத்திருக்கிறார். நான் பாதிதான் எடுக்கப் போகிறேன்.

3 ஆகஸ்ட்

கருவாடு மிஞ்சவில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்றும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னேன். “ம்” என்றார்.

6 ஆகஸ்ட்

முப்பத்தொன்றாம் தேதி மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம். அதற்கு எவ்வளவு எடுப்பது? முன்னே ஒரு தடவை சுதந்திரம் கிடைத்திருந்தால் அல்லவா பில் இருக்கும்!

7 ஆகஸ்ட்

கண்டுபிடித்துவிட்டேன். ஐம்பத்து மூன்று, ஜூன் மாதம், இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டிய வாரம். அப்போதும் ஊரெல்லாம் தோரணம், ஊர்வலம். சீனி இரண்டு மூட்டை, பால் டின் மூன்று பெட்டி, மெழுகுவர்த்தி ஆறு பெட்டி விற்றிருக்கிறது. அதையே எடுத்துவிட வேண்டியதுதான்.

19 ஆகஸ்ட்

கம்போங் செட்டியிலிருந்து அலமேலு அக்கா வந்தார். அவர்கள் பல தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். தெரு முழுக்கக் கொடுக்க கேக் செய்யப் போகிறாராம். “இத்து ஹாரி கித்தா புன்யா!” என்றார். அந்த நாள் நம்முடையதாம்.

ராணி முடிசூட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். “தெங்கோக் சாஜா.” சும்மா வேடிக்கை பார்த்தார்களாம்.

எனக்குப் பகீரென்றது. என்ன வாங்கினார்கள் என்று பில் சொல்கிறது. ஏன் வாங்கினார்கள் என்று சொல்லுமா? அதற்கப்புறம் வந்த எல்லோரிடமும் விசாரித்தேன். கேசரி என்கிறார்கள், பாயசம் என்கிறார்கள். அடுப்பு எரியாத வீடே இருக்காது போல. சீனியும் பாலும் இரண்டு மடங்கு எடுக்க வேண்டும்.

20 ஆகஸ்ட்

சண்டை.

“நாலு மூட்டை சீனியா? மிஞ்சினா எறும்புக்கா போடுவ?”

“மிஞ்சாது.”

பெரிசா சொல்லிட்டேன். மிஞ்சினா? ஐயோ, மிஞ்சினா என்ன பண்ணுவேன்? மொத்தக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டானே — அடுத்த மாசச் சரக்குக்குக் கையில ஒண்ணும் இருக்காதே!

இருந்தாலும் பண்டார் ஹிலிர் மொத்தக் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

27 ஆகஸ்ட்

நாலு மூட்டையும் வந்து நிற்கின்றன. ஒன்றைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. சாயங்காலமானால் அவர், “எத்தனை பிரிச்ச?” என்கிறார். அதுதான் தாங்கவில்லை.

30 ஆகஸ்ட்

கூட்டம். எழுத நேரமில்லை.

1 செப்டம்பர்

நேற்றுக் காலை பத்து மணிக்குச் சீனி தீர்ந்தது. பால் டின் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கே ஒரு டின் எடுத்து வைக்க மறந்திருக்கிறேன். அலமேலு அக்கா அனுப்பிய கேக்கைக் கடுங்காப்பியோடு தின்றோம்.

மெழுகுவர்த்தி மட்டும் ஐந்து பெட்டி அப்படியே கிடக்கிறது. நாலு வருஷத்தில் பாதி வீடுகளுக்குக் கரண்டு வந்துவிட்டதை நான் நினைக்கவே இல்லை. அவருக்கு அதில் பரம சந்தோஷம். கட்டுப் போட்ட கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். சிரிக்கட்டும்.

6 அக்டோபர்

கட்டுப் பிரித்து இரண்டு வாரமாக அவர்தான் கடையில். சாயங்காலம் தீபாவளிச் சரக்குக்குப் பட்டியல் போட உட்கார்ந்தார். பென்சிலைச் சீவினார். மறுபடியும் சீவினார்.

“யார் யார் வீட்ல என்ன விசேஷம்னு வரிசையா சொல்லு, எழுதிக்கிறேன்.”

சொன்னேன். தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே வந்தார். மைதா என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை மூட்டை?”