முடியாத ஆட்டமும் கோட்டைத் தொகுப்பும்

ஞாயிறு, ஐப்பசி மழை.

கண்டிப் பாடசாலைக்கு இடமாற்றம் கேட்கும் படிவத்தை நாளை காலை கொடுத்தாக வேண்டும். கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதில் கையெழுத்திட எனக்குத் துணிவில்லை. இன்று கேட்க வாயெடுத்தேன். அவர் அட்டைப் பெட்டியைத் திறந்தார். கல்யாணமான வருடம் கொழும்பில் வாங்கிய அதே கோட்டைத் தொகுப்பு; இருவர் மதில் கட்டி மோதும் அட்டை விளையாட்டு.

"ஆட்டம் முடியட்டும் புள்ள, அப்புறம் பேசுவோம்."

அந்தப் பழைய தொகுப்பின் பலம் அதன் மதில் அட்டைகள். யாரும் சீக்கிரம் தோற்பதில்லை. பலவீனமும் அதுதான். மதிலை உடைக்கும் அட்டைகள் மிகக் குறைவு என்பதால் ஆட்டம் முடிவதே இல்லை. போதாததற்கு எங்கள் ஊர் ஈரத்தில் மினுங்கும் தாள் ஒட்டிய சிறப்பு அட்டைகள் மட்டும் அப்பளம்போல் வளைந்துவிட்டன. அந்த வளைவை வைத்தே அவர் அடுத்து எதை எடுப்பார் என்பது முன்பே தெரிந்துவிடும்.

இரண்டு மணி நேரம் போனது. பேச வேண்டுமே என்று, உறுதியாக நின்ற என் மதில்களை நானே ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துத் தோற்றேன்.

"என்னா டீச்சரம்மா, இன்னிக்கு இப்புடி கவுந்துட்டீங்க!" என்று சிரித்தார்.

"என்னங்க, அந்த ட்ரான்ஸ்பர் விசயம்..."

"இரு புள்ள. தோத்த கையோட எந்திரிக்காத. இன்னொரு ஆட்டம் போடுவோம்."

நான் என்ன கேட்கப்போகிறேன் என்பது காலையிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது புரிந்த பிறகும் நான் எழுந்து போகவில்லை. அட்டைகளைக் கலைத்து, அவருக்கு முதலில் போட்டேன்.