கயிறு சரியாகத்தான் விழுந்தது

மழைக்கோட்டு வாங்கத்தான் துருகம் சாலைக்குப் போனேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு நான்கு நாளாகிறது. சனி, ஞாயிறுகளில் சங்கராபுரத்தில் ஜெர்மன் வகுப்பு எடுக்க ஸ்கூட்டியில்தான் போய்வர வேண்டும். கடைக்காரர் பாலித்தீன் உறையைக் கிழித்துப் புதுக் கோட்டை என் முகத்துக்கு நேரே உதறினார். அந்த ரப்பர் வாசனை வந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"இன்னா மேடம், ஸ்மெல்லு ஜாஸ்தியா இருக்குதா? ரெண்டு நாள் வெயில்ல போடுங்க, போய்டும்" என்றார் அவர், கொட்டுகிற மழையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

ஆற்றில் இறங்கும்போது நீ மாட்டிக்கொள்ளும் ரப்பர் நீருடையின் வாசனை அது. மூன்று கோடைகாலம் நம் காரின் பின்சீட்டில் ஈரத்தோடு கிடந்து, என் தலைமுடி வரை ஏறியிருந்த வாசனை. கோட்டை வாங்காமல் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். தலையைக்கூடத் துவட்டாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை 'நீ' என்றுதான் எழுதப்போகிறேன். சேர்ந்து வாழ்ந்த ஐந்து வருடமும் "ஏங்க", "வாங்க" என்றே கூப்பிட்டேன். ஆனால் நீ போனபோது உனக்கு முப்பத்து மூன்று வயது. எனக்கு இந்த ஆடியோடு முப்பத்து நான்கு முடிந்துவிட்டது. இப்போது நம் இருவரில் நான்தான் பெரியவள்.

கல்யாணமான பத்தாம் நாள் என்னைக் கல்வராயன் மலைக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனாய். பெரியார் அருவிக்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில், பாறைமேல் நின்று பயந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாய். வடக்கனந்தல்காரனுக்குக் கோமுகி வாய்க்காலில் குதித்துக் குதித்துத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது என்று உனக்குத் தெரியும். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி நான் கையை அடித்துக்கொண்டபோது, நீ செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மலைக்கார அம்மாள்தான் ஒரு கழியை நீட்டி என்னைக் கரையேற்றினாள்.

"கட்டிக்கினு வந்த பொண்ண தண்ணில தள்ளி வுட்டுட்டு, பல்ல காட்டிக்கினு நிக்கிறியே. நல்லா இருப்பியாடா நீ?" என்று உன்னைக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா. இடுப்பளவு தண்ணிதான்" என்றாய். அது உன் இடுப்பளவு. என் இடுப்பளவு இல்லை.

அடுத்த மாதமே ஜெர்மனிக்குப் போய்விட்டோம். அங்கே உன் கம்பெனியில் வேலை செய்த மாத்தியாஸ் ஒருநாள் உன்னை ஆற்றுக்கு அழைத்துப் போனான். கயாக் என்கிற அந்த ஒற்றை ஆள் படகில் அன்றைக்கு உட்கார்ந்தவன்தான் நீ. அதன்பிறகு வீட்டில் உனக்கு வேறு பேச்சில்லை. சமையலறைச் சுவரில் ஆல்ப்ஸ் மலையின் வரைபடத்தை ஒட்டினாய். ஆஸ்திரியாவின் இன் ஆறு, ஸ்லோவேனியாவின் சோச்சா, இத்தாலியின் நோச்சே, பிரான்சின் டியூரான்ஸ் என்று பெயர்களை வேலைக்குப் போகும்முன் சொல்லிக்கொண்டே தோசை தின்றாய். போய்வந்த ஆற்றுக்குப் பச்சைக் குண்டூசி, போகவேண்டிய ஆற்றுக்குச் சிவப்பு.

எனக்கு நீ ஒதுக்கிய வேலை கார் ஓட்டுவது. மேலே ஓரிடத்தில் உன்னையும் படகையும் இறக்கிவிட வேண்டும். கீழே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நீ கரையேறும் இடத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். ஆல்ப்ஸைப் பார்க்கக் கொடுத்துவைத்தவள் என்று என் அம்மா கள்ளக்குறிச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இமஸ்ட் பள்ளத்தாக்கில் இன் ஆறு எப்படிப் பாய்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே கார் நிறுத்துமிடத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று நன்றாகத் தெரியும்.

நீ எப்போதும் கெட்டவனாக இருந்தாய் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். சோச்சாவில் இரண்டு நாள் நீ வேறு ஆளாக இருந்தாய். பச்சையைக் கரைத்துவிட்டதுபோன்ற அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில், வெள்ளைக் கற்களின்மேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். என் கையைப் பிடித்துத் தண்ணீரில் வைத்துவிட்டு, "தண்ணில இருக்கறப்ப மட்டுந்தான், கலை, என் தலைக்குள்ள யாரும் பேசறதில்ல" என்றாய். யார் பேசுவார்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கை விறைத்துப்போகிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கோடையில் எனக்குக் கயிறு வீசக் கற்றுக்கொடுத்தாய். ஆற்றில் கவிழ்ந்தவனுக்குக் கரையிலிருந்து வீசும் கயிறு அது. ஒரு சின்னப் பைக்குள் அடைந்து கிடக்கும். ஒரு நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு பையை வீச வேண்டும். வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் நான் வீசியதெல்லாம் என் காலடியிலேயே விழுந்தது. ஒருமுறை கயிறு என் கழுத்திலேயே சுற்றிக்கொண்டது. நீ அதையும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினாய்.

அந்த ஆற்றின் பெயரை எழுத மாட்டேன். ஆஸ்திரியாவில், பனிப்பாறையிலிருந்து இறங்கிவருகிற ஒரு சின்ன ஆறு. காலையில் தண்ணீர் கம்மியாக, தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற உச்சியில் பனி உருகும். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேரப் பிற்பகலாகிவிடும். அப்போது ஆறு சாம்பல் நிறமாகி, காலையில் பார்த்த பாறைகளை மூடிக்கொண்டு ஓடும். இதையெல்லாம் நீதான் எனக்குச் சொன்னாய். "மூணு மணிக்கு மேல இந்த ஆத்துல எறங்கறவன் முட்டாளு" என்றும் சொன்னாய்.

முந்தைய நாள் சாயங்காலம் கூடாரங்களுக்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாத்தியாஸும் அவனுடைய நண்பர்கள் நான்கு பேரும் இருந்தார்கள். நீ பெரியார் அருவிக் கதையை எடுத்தாய். சொன்னதோடு நிற்கவில்லை, எழுந்து நடித்தே காட்டினாய். நான் வாயைப் பிளந்தது, கையை அடித்தது, கரையேறி வாந்தியெடுத்தது எல்லாவற்றையும். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாத்தியாஸ் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். உன்னோடு சேர்ந்து என்னைப் பார்த்து நானே சிரித்தேனே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காலையில் மாத்தியாஸும் அவன் ஆட்களும் முன்னால் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு ஆற்றங்கரையில் சந்திப்பதாகப் பேச்சு. நீ பல் விளக்கப் போன நேரத்தில் கார் சாவியை எடுத்து ரவைப் பொட்டலத்துக்குள் புதைத்தேன். உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் செய்ததாக யாரிடமாவது சொன்னால் நம்புவார்கள். பொய். நீ தவிப்பதை நான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பார்த்தேன். படகு காரின் மேலே, உடையும் துடுப்பும் காருக்குள்ளே. மாற்றுச் சாவி முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வீட்டில். நீ கூடாரத்தைக் குடைந்தாய். புல்லில் மண்டியிட்டுக் கையால் துழாவினாய். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தாய். "எங்கடா வெச்சேன், எங்கடா வெச்சேன்" என்று நெற்றியில் அறைந்துகொண்டாய். நானும் உன்னோடு சேர்ந்து தேடினேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் உன் பக்கத்தில் நான் இருந்ததில்லை.

இரண்டு மணிக்குப் போதும் என்று தோன்றியது. இனிமேல் ஆற்றில் இறங்க மாட்டாய், நாள் வீணாய்ப் போயிற்று என்ற கணக்கில்தான் எடுத்தேன். படுக்கைக்கு அடியில் கிடைத்ததாகச் சொல்லி நீட்டினேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, "நீ மட்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் கலை" என்றாய்.

அந்த நிமிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பாய். உயிரோடு இருந்திருப்பாய்.

மூன்று மணியைத் தாண்டி நாம் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் முடித்துவிட்டு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாத்தியாஸ் ஆற்றின் நடுவே கையைக் காட்டி, "அந்தப் பாறை மூழ்கிவிட்டது. இன்றைக்கு வேண்டாம்" என்றான். நீ கேட்கவில்லை. ஒரே ஒரு வளைவு வரைக்கும் என்றாய். அவனோடு வாதாடி வாதாடி, கடைசியில் அவனைக் கீழே ஒரு கயிற்றோடு நிற்கச் சம்மதிக்க வைத்தாய். என்னை வளைவில் நிறுத்தினாய். படகில் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்து, "நீ கயிறு வெச்சிக்கினு நிக்கறத பார்த்தாதான் எனக்கு பயமா இருக்குது" என்று சிரித்தாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அது.

வளைவுக்குச் சற்று மேலே கவிழ்ந்தாய். துடுப்பை ஒருமுறை சுழற்றி நிமிரப் பார்த்தாய். முடியவில்லை. படகைவிட்டு வெளியே வந்து, தலை மட்டும் தெரிய என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாய். "புடிடா!" என்று கத்தினேன். உன்னை நான் 'டா' போட்டது அந்த ஒருமுறைதான். கயிறு நேராகப் போய் உன் தோள்மேல் விழுந்தது. நீ பிடித்தாய். சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்து குதிகாலைக் கல்லில் ஊன்றிக்கொண்டேன். கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. நான் விடவில்லை. திடீரென்று பாரம் இல்லை. விரல் விறைத்து உன் பிடி விட்டுப்போயிற்று. மாத்தியாஸின் கயிறுவரை நீ போகவில்லை. அதற்குமுன்பே ஆற்றில் சாய்ந்து கிடந்த மரம் உன்னை அடியில் இழுத்துக்கொண்டது. வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

உன்னைப் பெட்டியில் வடக்கனந்தலுக்குக் கொண்டுவந்த அன்றே உன் அம்மா என் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்கள். உள்ளங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு, "கயிறு போட்டியா இல்லியாடி? இன்னாடி பண்ணிக்கினு இருந்த கரையில?" என்று கேட்டுக் கேட்டு என்னை உலுக்கினார்கள்.

காரியம் முடிந்து ஒரு மாதத்தில் மாத்தியாஸ் உன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். ஜெர்மன் மொழியில், கையாலேயே. என்னைத் தவிர அந்த வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. "இன்னா எழுதிக்கிறான், படி" என்று எதிரில் உட்கார்ந்தார்கள் அத்தை. 'உங்கள் மருமகள் வீசிய கயிறு மிகச் சரியாக விழுந்தது. பதினைந்து வருடமாக ஆற்றில் இருக்கும் என்னால்கூட அதைவிட நன்றாக வீசியிருக்க முடியாது. அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை' என்று எழுதியிருந்தான்.

நான் படித்தேன். "கயிறு கொஞ்சம் தள்ளி விழுந்துடுச்சாம் அத்த. அவருக்கு எட்டலியாம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்துவிட்டேன். யாராவது என்னைத் திட்ட வேண்டியிருந்தது. சாவியைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கயிற்றைச் சொல்ல இருந்தது.

அத்தை குறைவைக்கவில்லை. "எம்புள்ளைக்கு ஒரு கயிறு ஒழுங்கா போடத் தெரியாத முண்டம்" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். ஒவ்வோர் ஆடியிலும் உன் திதிக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறிப் போவேன். எல்லோரும் சாப்பிட்டு இலை எடுத்தபிறகு, மிஞ்சியதை ஒரு தட்டில் போட்டுத் தரையில் தள்ளுவார்கள். நான்கு வருடம் அதைத் தின்றேன். ஒருமுறைகூட எனக்குக் கோபம் வரவில்லை.

இந்த ஆடியில் அத்தை என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்திலேயே இலை போட்டார்கள். ஆள் இளைத்துப்போய்விட்டார்கள். சோற்றைத் தன் கையாலேயே பரிமாறிவிட்டு, என் உள்ளங்கையை இழுத்து, அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்கள்.

"போனது போச்சி, வுடு. கை தப்பிப்போச்சி, நீயும் இன்னா பண்ணுவ? சின்னப் பொண்ணு. நாந்தான் பாவி, கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சிக்காத."

"அத்த, அப்பிடியில்ல. அன்னைக்கு காலைல…" என்று ஆரம்பித்தேன்.

"சாப்புடு. சோறு ஆறுது" என்றார்கள். அழுதுகொண்டிருந்தார்கள்.

சாப்பிட்டேன். ரசம் வரைக்கும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாவி தானாகத் தொலையவில்லை. உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு ஐந்து வருடமாயிற்று. நீ எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாய். உன் அம்மா என்னை மன்னித்துவிட்டார்கள். இரண்டையும் நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டும் எனக்குச் சேர வேண்டியவை இல்லை.