முழங்கை வரை சவர்க்காரம்

டூங்கபி,
14 யூலை 2012

அன்புள்ள தர்சினி அக்காவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வசனம்: "ஓம் அன்ரி, இது தொத்தாது."

மெல்பேர்ன் குளிரில் உங்கள் கைகள் எப்படி இருக்கின்றன? வெடிப்புகளில் ரத்தம் வருகிறதா என்று அம்மா கேட்கிறா. இங்கே நாங்கள் சுகம்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சொரியாசிஸ் என்கிற தோல் நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்கிற மிகச் சிறிய மூலக்கூறுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று பார்த்து, நோயில்லாதவர்களின் அளவோடு ஒப்பிடுகிறோம். நோயுள்ள ஒருவர் மறைத்து மற்றப் பட்டியலில் ஏறினால் ஒப்பீடே பிழைத்துவிடும். நோயில்லாத தமிழர்கள் தேவை என்று கோயிலில் நோட்டீஸ் ஒட்டியதும் நான்தான்.

வருகிறவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன். இருந்தும் எழுதுகிறேன்: சத்தியபாமா அன்ரி. உங்களுக்குப் பேசின யசோதரனின் அம்மா.

கோயில் ஆட்களோடு ரத்தம் கொடுக்க வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. எழுந்து போனால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் இருந்துவிட்டார். குடும்பத்தில் தோல் நோய் உண்டா என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "எங்கட பரம்பரையில இல்லைப் பிள்ளை."

அதே வசனம், அக்கா. மூன்று வருடத்துக்கு முன் மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில், உங்கள் நிச்சயதார்த்தத்தில், காப்புப் போட உங்கள் கையைப் பிடித்தவர் முழங்கையில் செதிலைக் கண்டதும் இதைச் சொல்லித்தானே கையை விட்டார்? காப்பு கைப்பைக்குள் திரும்பிப் போனது. பிறகு அத்தனை பேர் முன்னால் கை கழுவச் சவர்க்காரம் கேட்டார். எடுத்துக் கொடுத்தது நான்.

ரத்தம் எடுக்கப் பட்டி கட்டுவதற்காக அவருடைய கம்பளிச் சட்டையின் கையை உயர்த்தினேன். முழங்கையில் தடித்த வெள்ளைச் செதில். மற்றக் கையிலும் இருந்தது. நேற்று வந்ததல்ல.

குசினியில் எண்ணெய் தெறித்தது என்றார்.

"ரெண்டு முழங்கையிலயும் ஒரே அளவாத் தெறிக்கிற குசினி எங்க அன்ரி இருக்கு?" என்று கேட்டேன்.

பிறகு, ரெண்டு பக்கத்தாலயும் பேரப்பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று அன்றைக்குப் பயந்ததாக மெல்லச் சொன்னார். இரக்கப்பட்டிருக்கலாம். நான் படவில்லை. ரத்தத்தை எடுத்தேன். டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, அன்ரியின் பெயரை நோயாளிகள் பட்டியலுக்கு மாற்றுவித்தேன். அதுவரை செய்தது என் வேலை.

பிறகு கையுறையைக் கழற்றி, அவர் பார்க்கக்கூடியதாக நின்று, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

"ஏன் பிள்ளை, இது தொத்தாதுதானே?" என்றார்.

நான் இன்னொருதரம் சவர்க்காரம் போட்டேன். அக்கா, அந்த நிமிடம் இனித்தது. பொய் எழுத மாட்டேன்.

திரும்பியபோது பக்கத்துக் கதிரையில் பாலகிருஷ்ணன் அங்கிள். கைகள் முழுக்கச் செதிலோடு, எந்தக் குளிரிலும் சட்டைக்கையை மடித்துவிட்டுத் திரிகிற மனுசன். மாதாமாதம் ரத்தம் தர வந்து, "என்ர ரத்தத்தை வித்து வீடு வாங்கிப்போட்டியோ?" என்று பகிடி விடுவார். அவர் குழாயையும் என் கைகளையும் பார்த்தார். பிறகு சட்டைக்கையை இறக்கி, மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டினார்.

இதை உங்களுக்காகத்தான் செய்தேன் என்று முதலில் எழுதி, வெட்டிவிட்டேன். நீங்கள் அரைக்கைச் சட்டை போட்டு வேலைக்குப் போக வேண்டும், அக்கா. என்னை ஏசி ஒரு கடிதமாவது போடுங்கள்.

உங்கள் தங்கை,
நிரூபா

பி.கு.: கடிதம் ஒரு மாதமாக என் கைப்பையில் கிடந்தது. இன்றைக்கு இரண்டு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கிற நாள். சத்தியபாமா அன்ரி நேரத்துக்கு வந்தார். பாலகிருஷ்ணன் அங்கிள் வரவில்லை.